குமரி ரோடுகளில் பைக் ஓட்டுகிறவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

கன்னியாகுமரி சின்ன மாவட்டம்தான். ஆரல்வாய்மொழியில் வண்டியை எடுத்தால் இரண்டு மணி நேரத்துக்குள் களியக்காவிளை எல்லைக்குப் போய்விடலாம். அதற்குள் கணவாய்க் காற்று, தோவாளைப் பக்கத்து வயல்வெளி, நாகர்கோவில் நெரிசல், தக்கலைக்கு மேற்கே ஏற்றமும் இறக்கமும் வளைவுமான ரோடு எல்லாம் வந்துபோகும். தெற்கே திரும்பினால் கடல் மணல். வடக்கே ஏறினால் பேச்சிப்பாறை, கீரிப்பாறைப் பக்கத்து மலைப்பாதை. பத்து கிலோமீட்டருக்கு ஒரு ரோடு என்று மாறும் ஊரில் எல்லா இடத்திலும் ஒரே மாதிரி ஓட்டுவதுதான் நாம் செய்யும் முதல் தவறு. மற்ற தவறுகளில் பலவும் இதிலிருந்து கிளைத்தவைதான். தினமும் போகிற வழிதானே என்ற நினைப்பில் கண் ரோட்டைப் பார்ப்பதையே விட்டுவிடுகிறது.

காற்றோடு மல்லுக்கட்டுவது

முப்பந்தலிலும் ஆரல்வாய்மொழியிலும் காற்றாலைகள் வரிசைகட்டி நிற்பதற்குக் காரணம், மலைகளுக்கு இடையில் இருக்கும் அந்தத் திறப்பு வழியாகக் காற்று குவிந்து வீசுவதுதான். வைகாசியில் தொடங்கி புரட்டாசி வரை அதன் பலம் தெரியும். ஆடியில் கேட்கவே வேண்டாம். காற்று வண்டியைத் தள்ளும்போது பலரும் ஹேண்டிலை இறுக்கிப் பிடிக்கிறார்கள். கை விறைத்துவிட்டால் உடம்பில் விழும் ஒவ்வொரு உதறலும் நேராக முன்சக்கரத்துக்குப் போகும். வண்டி இன்னும் அலையும். முழங்கால்களால் டேங்க்கை அணைத்துக்கொண்டு, கையைத் தளர்வாக வைத்து, வேகத்தை நாற்பதுக்குப் பக்கத்தில் இறக்கிவிட்டால் வண்டி தானாக நிதானத்துக்கு வரும்.

அங்கே லாரியை முந்துவது தனி ஆபத்து. இடமிருந்து காற்றடிக்கும்போது நமக்கே தெரியாமல் இடப்பக்கம் லேசாகச் சாய்ந்து ஓட்டிக்கொண்டிருப்போம். லாரியின் மறைவுக்குள் நுழைந்ததும் காற்று நின்றுவிடும். சாய்வு மட்டும் மிச்சமிருக்கும், வண்டி லாரியை நோக்கி இழுக்கும். லாரியின் முகப்பைத் தாண்டி வெளியே வரும் நொடியில் காற்று மறுபடி அறைந்து எதிர்ப்பாதைக்குத் தள்ளும். காற்று பலமாக இருக்கிற நாளில் லாரிக்குப் பின்னால் இடைவெளி விட்டுப் பொறுமையாகப் போவதே நல்லது.

பின்சீட்டில் ஏத்தன் வாழைக்குலையைக் குறுக்காகக் கட்டிக்கொண்டு போகிறவர்களும் இதைக் கவனிக்க வேண்டும். குலை அகலமாக நீட்டிக்கொண்டிருந்தால் காற்று பிடிக்க அது வசதியான இடம். நீளவாக்கில், சீட்டோடு ஒட்டி, இரண்டு இடத்தில் கட்டுங்கள். மழையில் பின்னால் இருப்பவர் குடை விரிப்பதும் இதே கதைதான். ஓடுகிற வண்டியில் குடை மழையைத் தடுப்பதைவிடப் பிடித்திருப்பவரைப் பின்னால் இழுப்பதே அதிகம். குடை மேல்நோக்கி மடங்கினால் அவர் இரண்டு கையையும் அதற்குக் கொடுத்துவிடுவார், வண்டியைப் பிடிக்கக் கை இருக்காது. ரெயின்கோட் இல்லையா, ஏதாவது கடைத் திண்ணையில் ஒதுங்கி நின்றுவிட்டுப் போகலாம்.

ஈர ரோடும் ரப்பர் நிழலும்

தென்மேற்குப் பருவமழை, வடகிழக்குப் பருவமழை இரண்டும் இந்த மாவட்டத்துக்கு உண்டு. அதனால் ஈர ரோட்டில் ஓட்டிப் பழகியவர்கள் என்று நம்மை நினைத்துக்கொள்கிறோம். ஆனால் வெயில் காய்ந்த ரோட்டில் விழும் முதல் மழை வேறு. பல நாள் சொட்டிய ஆயில், டயர் தேய்ந்த தூள், புழுதி எல்லாம் அந்த முதல் ஈரத்தில் குழைந்து மேலே வரும். கொட்டோ கொட்டென்று கொட்டி ரோடு கழுவப்பட்ட பிறகு இருக்கும் பிடி, தூறல் தொடங்கிய முதல் சில நிமிடங்களில் இருக்காது. நனைவதற்குள் வீட்டுக்குப் போய்விடலாம் என்று ஆக்ஸிலேட்டரை முறுக்குவதும் அதே நிமிடங்களில்தான்.

குலசேகரம், திருவட்டாறு, அருமனைப் பக்கம் போகிறவர்களுக்கு இன்னொன்றும் உண்டு. ரப்பர் தோட்டங்களுக்கு நடுவே போகும் ரோட்டில் வெயில் விழுவதில்லை. மெயின் ரோடு காய்ந்து கிடக்கும். தோட்டத்துக்குள் நுழைந்தால் காலையில் பெய்த மழை மத்தியானம் வரை அப்படியே இருக்கும். ஓரத்தில் பாசி. மார்கழி, தை மாதங்களில் ரப்பர் இலை உதிர்ந்து கம்பளமாகக் கிடக்கும். பனியில் நனைந்த இலைமேல் டயர் ஏறினால் ரோட்டை டயர் தொடுவதே இல்லை. போதாததற்கு, சுள்ளென்ற வெளிச்சத்திலிருந்து நிழலுக்குள் போனதும் கண் பழகச் சில நொடி ஆகும். அந்தச் சில நொடியில்தான் முதல் வளைவும் வரும். கூலிங் கிளாஸ் போட்டிருந்தால் கேட்கவே வேண்டாம். நிழல் தொடங்குவதற்கு முன்பே, வெளிச்சத்தில் இருக்கும்போதே வேகத்தைக் குறைத்துவிட வேண்டும்.

கடலோரத்தில் மழையே வேண்டாம். குளச்சலிலிருந்தும் முட்டத்திலிருந்தும் மீன் பெட்டி ஏற்றிய வண்டிகள் விடியற்காலையில் கிளம்பும். பெட்டியிலிருந்து ஐஸ் தண்ணீர் வழியெல்லாம் சொட்டும், வளைவில் சாயும்போது கொஞ்சம் அதிகமாகவே சிந்தும். மீனின் நெய் கலந்த தண்ணீர் அது. சில இடத்தில் காற்று அள்ளிவந்த மணலும் சேர்ந்து கிடக்கும். மார்த்தாண்டம் மாதிரியான மேம்பாலங்களில் இருக்கும் இரும்பு இணைப்புப் பட்டைகள், ரோட்டில் அடித்த வெள்ளைக் கோடுகள் இவற்றின் மேலும் மழையில் பிரேக் பிடிக்கக் கூடாது, வண்டியைச் சாய்க்கவும் கூடாது. நேராக வைத்து, அப்படியே உருட்டிக் கடந்துவிட வேண்டும்.

முன் பிரேக்கைக் கண்டு பயப்படுவது

'முன் பிரேக் பிடிச்சா தூக்கிப் போட்டுரும்' என்று சொல்லித்தான் நம் ஊரில் வண்டி பழக்குகிறார்கள். இதனாலேயே வாழ்நாள் முழுக்கப் பின் பிரேக்கை மட்டும் மிதித்து ஓட்டுகிறவர்கள் இருக்கிறார்கள். இதை நான் பெரிய தவறாக நினைக்கிறேன். பிரேக் பிடித்ததும் வண்டியின் பாரம் முன்னால் சாய்கிறது, பின்சக்கரம் இலேசாகிறது. பாரம் இல்லாத சக்கரத்துக்கு ரோட்டில் பிடி குறைவு, அதனால்தான் பின் பிரேக்கை மட்டும் மிதித்தால் சக்கரம் பூட்டிக்கொண்டு வால் வீசும். நிறுத்தும் வேலையின் பெரும்பகுதியைச் செய்வது முன் பிரேக்தான். இரண்டையும் சேர்த்து, முன் பிரேக்கை வெடுக்கென்று இழுக்காமல், பஞ்சைப் பிழிவது மாதிரி மெதுவாகத் தொடங்கி அழுத்தத்தைக் கூட்டிக்கொண்டே போக வேண்டும். தூக்கிப் போடுவது முன் பிரேக் அல்ல. வளைவிலோ மணலிலோ அதைச் சட்டென்று முழுதாகப் பிடிப்பது.

2019 ஏப்ரலிலிருந்து 125 சிசிக்கு மேற்பட்ட புது பைக்குகளில், பிரேக் பிடிக்கும்போது சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் தடுக்கும் ஏ.பி.எஸ். கட்டாயம். அதற்குக் கீழே உள்ளவற்றில் ஏ.பி.எஸ். இல்லையென்றால் சி.பி.எஸ். இருக்கும், ஒரு பிரேக்கைப் பிடித்தாலே இன்னொரு சக்கரத்திலும் கொஞ்சம் பிடிக்கும். ஏ.பி.எஸ். இருக்கும் பைக்குகளிலும் பலவற்றில் அது முன்சக்கரத்துக்கு மட்டும்தான். உங்கள் வண்டியில் என்ன இருக்கிறது என்று தெரிந்துகொள்ளுங்கள். அப்புறம் ஞாயிற்றுக்கிழமை காலையில் ஆளில்லாத ஒரு மைதானத்தில் முப்பது கிலோமீட்டர் வேகத்திலிருந்து நிறுத்திப் பாருங்கள். கைக்கு ஒருமுறை பழகிவிட்டால் ஆபத்து நேரத்தில் தானாக வரும்.

அறுபதில் போகும் வண்டி ஒரு நொடியில் கிட்டத்தட்ட 17 மீட்டர் கடக்கும். எதிரே மாடு வந்ததைக் கண்டு, மூளைக்கு உறைத்து, விரல் பிரேக்குக்குப் போக அந்த ஒரு நொடியாவது ஆகும். பிரேக் பிடிக்கவே தொடங்காத 17 மீட்டர் அது. நாற்பதில் அதே நொடிக்கு 11 மீட்டர். வேகம் இரண்டு மடங்கானால் பிரேக் பிடித்த பின் ஓடும் தூரம் நான்கு மடங்காகும்.

ரோட்டின் விளிம்பு

இதைப் பற்றி யாரும் பேசுவதில்லை. மேற்கே உள்ள ஒடுக்க ரோடுகளில் தார்மேல் தார் போட்டு ரோடு உயர்ந்துகொண்டே போகிறது, பக்கத்து மண் மழையில் கரைந்து இறங்கிக்கொண்டே போகிறது. சில இடங்களில் ஒரு சாண் பள்ளம். எதிரே பஸ் வருகிறது, நாம் ஒதுங்குகிறோம், முன்சக்கரம் மண்ணில் இறங்கிவிடுகிறது. அங்கே எல்லோரும் செய்வது, உடனே ஹேண்டிலை லேசாக வலப்பக்கம் திருப்பி ரோட்டில் ஏறப் பார்ப்பது. டயர் விளிம்பை உரசிக்கொண்டே ஓடும், ஏறாது. பின்சக்கரம் இன்னொரு பக்கம் போகும், ஆள் பஸ்ஸின் பக்கமாக விழுவார். மண்ணில் இறங்கிவிட்டால் மண்ணிலேயே நேராகப் போங்கள். ஆக்ஸிலேட்டரை விடுங்கள், பின் பிரேக்கை மெல்லத் தொடுங்கள், நன்றாக வேகம் குறைந்த பிறகு விளிம்பு தாழ்வாக உள்ள இடமாகப் பார்த்து, நன்றாகக் குறுக்காகத் திருப்பி ஏறுங்கள். நின்றுவிட்டு ஏறினாலும் குற்றமில்லை.

வளைவில் காம்பவுண்டுச் சுவர் கண்ணை மறைக்கும் இடங்களில் ஹாரன் அடிப்பது அவசியம். ஆனால் ஹாரன் அடித்துவிட்டோம், எதிரே வருகிறவன் ஒதுங்கிக்கொள்வான் என்று அதே வேகத்தில் போவது வேறு. அவனும் அதையே நினைத்திருப்பான்.

டிப்பரின் இடப்பக்கம்

கல்லும் எம்-சாண்டும் ஏற்றிய டிப்பர்கள் தக்கலை, மார்த்தாண்டம் வழியாகக் கேரளாவுக்குப் போகின்றன. நெரிசலில் அவை ஊர்ந்து போகும்போது இடப்பக்கம் கிடைக்கும் இரண்டடி இடைவெளியில் நுழைந்து முந்துவது இங்கே சாதாரணம். டிரைவரின் இருக்கை வலப்பக்கம். இடப்பக்கக் கதவுக்குக் கீழே நிற்கும் பைக்கை அவரால் பார்க்க முடியாது. இடப்பக்கம் திரும்பும்போது முன்சக்கரம் போன வழியில் பின்சக்கரம் போகாது, உள்ளே வெட்டிக்கொண்டு வரும். அந்த இடைவெளி கண்முன்னேயே மூடும். டிரைவரின் முகம் அவருடைய கண்ணாடியில் நமக்குத் தெரியவில்லை என்றால் அவருக்கும் நாம் தெரியவில்லை.

ஹெல்மெட், பிள்ளைகள், சேலை

டேங்க்கின் மேலே வைத்திருக்கும் ஹெல்மெட்டைக் களியக்காவிளை நெருங்கும்போது தலைக்கு மாற்றுகிறவர்களைத் தினமும் பார்க்கலாம். 2023 ஜூனிலிருந்து கேரளாவில் ஏ.ஐ. கேமரா அபராதம் போடுகிறது, அந்தப் பயம். மாட்டினாலும் பலர் வாரைப் பூட்டுவதில்லை. வார் பூட்டாத ஹெல்மெட் தலை தரையைத் தொடும் முன்பே கழன்று போய்விடும். மோட்டார் வாகனச் சட்டத்தின் 129ஆம் பிரிவும் வாரைப் பூட்டி அணிய வேண்டும் என்றுதான் சொல்கிறது. நான்கு வயதுக்கு மேற்பட்ட எல்லோருக்கும், பின்னால் இருப்பவருக்கும், அது பொருந்தும். ஐ.எஸ்.ஐ. முத்திரை பார்த்து வாங்குங்கள். ஒருமுறை பலமாக அடிபட்ட ஹெல்மெட் வெளியே நன்றாக இருந்தாலும் மாற்றிவிடுங்கள்.

சின்னப் பிள்ளையை ஸ்கூட்டரின் முன்னால் நிற்க வைக்காதீர்கள். விழப்போனால் பிள்ளை கைக்கு எட்டியதைப் பிடிக்கும்; எட்டுவது ஆக்ஸிலேட்டர். 2023 பிப்ரவரியிலிருந்து நடைமுறையில் உள்ள விதிப்படி நான்கு வயதுக்குக் குறைந்த பிள்ளையை ஓட்டுபவரோடு சேர்த்துக் கட்டும் பெல்ட்டும், ஒன்பது மாதத்துக்கு மேற்பட்ட பிள்ளை என்றால் அதற்கேற்ற ஹெல்மெட்டும் வேண்டும். வேகம் நாற்பதைத் தாண்டக் கூடாது. சேலை முந்தானையும் துப்பட்டாவும் சக்கரத்தில் சிக்காமல் இருக்கச் சேலை கார்டு உள்ளது. அழகு கெடுகிறது என்று அதைக் கழற்றிப் போடாதீர்கள். காற்று அளவை வாரம் ஒருமுறை, டயர் சூடாவதற்கு முன் பாருங்கள். சைடு ஸ்டாண்டை எடுத்தாயிற்றா என்று ஒரு பார்வை.

விழுந்தவரைத் தூக்கும்போது

நம் ஊரில் ஓடிவந்து உதவ ஆளுக்குப் பஞ்சமில்லை. 'மக்களே, ஒண்ணுமில்ல, எழும்பு' என்று நாலு பேர் கை கொடுப்பார்கள். அந்த அன்பில்தான் ஒரு தவறும் நடக்கிறது. முதலில் ஹெல்மெட்டைக் கழற்றுவார்கள், பிறகு ஆளை மடக்கி ஆட்டோவில் ஏற்றுவார்கள். கழுத்தில் அடிபட்டிருந்தால் இரண்டுமே கெடுதல். மூச்சு விடுகிறாரா என்று பாருங்கள். ஹெல்மெட்டின் கண்ணாடியை மட்டும் திறந்துவிடுங்கள். ஆளை அசைக்காமல் 108ஐக் கூப்பிடுங்கள். குடிக்கத் தண்ணீர் கொடுக்க வேண்டாம்.

போலீஸ் கேஸ் என்று தயங்க வேண்டியதில்லை. 2019இல் சட்டத்தில் சேர்த்த 134ஏ பிரிவு உதவி செய்பவரைப் பாதுகாக்கிறது. பெயரைச் சொல்லும்படி கட்டாயப்படுத்தவும் முடியாது. 2021 டிசம்பரில் தொடங்கிய 'இன்னுயிர் காப்போம் - நம்மைக் காக்கும் 48' திட்டத்தில், பட்டியலில் உள்ள அரசு, தனியார் மருத்துவமனைகளில் முதல் 48 மணி நேரச் சிகிச்சைக்கு அடிபட்டவரிடம் பணம் வாங்குவதில்லை. கேரளாவிலிருந்து வந்தவர் என்றாலும் அப்படித்தான்.

108இல் பேசும்போது ஊர்ப் பெயர் மட்டும் போதாது. 'விளை' என்று முடிகிற ஊர்கள் இங்கே எத்தனையோ. மெயின் ரோட்டில் எந்தப் பஸ் ஸ்டாப், அங்கிருந்து எந்தத் திருப்பம், பக்கத்தில் எந்தக் கோயில் அல்லது சர்ச் என்று சொல்லுங்கள். கூடியிருப்பவர்களில் ஒருவரை மெயின் ரோட்டுத் திருப்பத்தில் நிற்கச் சொல்லி அனுப்புங்கள், ஆம்புலன்ஸ் வழி தவறாமல் வர.