பச்சையாக மின்னினால் யுரேனியமா?

நோட்டு பார்க்கும் ஊதா டார்ச் இப்போது மளிகைக் கடைக் கல்லாவிலேயே கிடக்கிறது. கைக்குக் கிடைத்ததும் வீட்டில் உள்ளதையெல்லாம் அடித்துப் பார்க்கத் தோன்றும். சலவைத்தூளில் துவைத்த வேட்டி நீலமாகப் பளிச்சிடும். எண்ணெயில் குழைத்த மஞ்சள் பச்சை சாயலோடு ஒளிரும். வைக்கோல் போருக்கு அடியில் இருக்கும் தேள்கூடப் பச்சையாகத் தெரியும். இவற்றில் எதிலும் கதிரியக்கத் தாது கிடையாது. ஆனால் கொள்ளிடத்து மணலில் பொறுக்கிய கல் லேசாக மின்னிவிட்டால் மட்டும், "சார், இது யுரேனியமா?" என்று கேள்வி வந்துவிடுகிறது.

புற ஊதா ஒளியில் பிரமாதமாக மின்னும் யுரேனியக் கனிமங்களில் ஒன்று ஆண்டர்சனைட். அரிதானது. அமெரிக்காவின் அரிசோனா மாநிலத்தில், ஹில்சைடு சுரங்கத்தில்தான் முதலில் அடையாளம் கண்டார்கள். சார்லஸ் ஆல்ஃபிரட் ஆண்டர்சன் என்ற நிலவியலாளரின் பெயரை வைத்தார்கள். பகலில் பார்த்தால் மஞ்சள் கலந்த பச்சையில் சின்னச் சின்ன மணிகளாக, பாறைமேல் உப்புப் பூத்ததுபோல ஒட்டிக்கொண்டிருக்கும். நகத்தால் கீறினாலே தடம் விழும் அளவுக்கு மென்மை, பத்து வரை போகும் மோஸ் கடின அளவில் 2.5தான். விளக்கை அணைத்துவிட்டுப் புற ஊதாவைக் காட்டினால் அதே பொருள் நீலப்பச்சையில் கண்ணைப் பறிக்கும். டார்ச்சை நிறுத்திய நொடியே இருண்டுவிடும்.

இரண்டு சோடியம், ஒரு கால்சியம், ஒரு யுரேனைல் (யுரேனியமும் ஆக்சிஜனும் சேர்ந்த அயனி), மூன்று கார்பனேட், ஆறு நீர் மூலக்கூறு: இதுதான் அதன் கட்டமைப்பு. இதில் கவனிக்க வேண்டியது, அது தண்ணீரில் கரையும் என்பது. சுரங்கச் சுவரில் கசிந்த நீர் வற்றியபோது உருவான உப்பு அது. காய்ந்த பாலைப் பூமியில்தான் நிலைக்கும். வண்டலும் வாய்க்காலுமாகக் கிடக்கும் நம் காவிரிப் படுகையில், ஐப்பசி கார்த்திகை அடைமழையில், அது ஒரு வாரம் தாங்குமா? பெரிய கோயில் கட்டவே கல்லை வெளியிலிருந்து கொண்டுவர வேண்டியிருந்த ஊர் தஞ்சாவூர். ஆற்று மணலில் எடுத்த கல் என்றாலே அது ஆண்டர்சனைட் இல்லை. வேறு சோதனை தேவையில்லை.

அடுத்த தவறு, ஒளிர்வதையும் கதிரியக்கத்தையும் ஒன்றாக நினைப்பது. இரண்டும் வேறு வேறு. ஒளிர்வது யுரேனைல் அயனியின் எலெக்ட்ரான் வேலை. கதிரியக்கம் அணுக்கருவிலிருந்து வருவது. 1896இல் கதிரியக்கத்தைக் கண்டுபிடித்த பிரெஞ்சு விஞ்ஞானி பெக்கரல்கூட முதலில் ஒளிர்வுதான் காரணம் என்று நினைத்துத்தான் யுரேனிய உப்பைப் புகைப்படத் தகட்டின் மேல் வைத்தார். வெயிலே காட்டாதபோதும் தகடு கறுத்தது. பிறகு ஒளிராத யுரேனியச் சேர்மங்களை வைத்தார், அப்போதும் கறுத்தது. ஜார்க்கண்டின் ஜாதுகூடாவில் வெட்டியெடுக்கும் யுரேனினைட் என்ற யுரேனியத் தாது கறுப்பாக இருக்கும், டார்ச்சுக்கு மசியாது. டார்பர்னைட் என்ற பச்சைக் கனிமத்தில் யுரேனைல் இருந்தும் செம்பு சேர்ந்திருப்பதால் பொதுவாக ஒளிர்வதில்லை. ஆக, மின்னாத கல் ஆபத்தில்லாதது என்றும் சொல்ல முடியாது. கதிரியக்கம் இருக்கிறதா என்று பார்க்க கெய்கர் கருவிதான் வேண்டும்.

டார்ச்சிலும் ஒரு சிக்கல். மலிவானவை 395 நானோமீட்டர் ஒளி தருபவை. கண்ணுக்குத் தெரியும் ஊதாவும் கூடவே கொட்டும். பளபளப்பான எந்தக் கல்லும் அந்த ஊதாவைத் திருப்பி அடிக்கும். அதை ஒளிர்வு என்று எடுத்துக்கொள்கிறார்கள். கறுப்பு வடிகட்டி போட்ட 365 நானோமீட்டர் டார்ச் என்றால் இந்தக் குழப்பம் குறையும். 254 நானோமீட்டர் விளக்கைப் பாதுகாப்புக் கண்ணாடி அணியாமல் பார்க்கக் கூடாது, கண் கெட்டுவிடும்.

வெளிநாட்டில் இருக்கும் பிள்ளை ஆண்டர்சனைட்டைக் கனிமக் கண்காட்சியில் வாங்கிப் பெட்டியில் போட்டுக் கொண்டுவந்தால் என்ன என்று கேட்பவர்களும் உண்டு. வேண்டாம். இந்தியச் சட்டப்படி யுரேனியம் கட்டுப்படுத்தப்பட்ட பொருள். உரிமம் இல்லாமல் வைத்திருந்தால் போலீஸ் கேஸ்தான். உரிமம் உள்ள ஆய்வகங்களிலும் ஆண்டர்சனைட்டைக் குழாயடியில் கழுவ மாட்டார்கள், சூட்டில் காய வைக்க மாட்டார்கள். முன்னதில் கரையும், பின்னதில் நீர் மூலக்கூறு போய் உதிரும். மூடிய சிமிழில்தான் இருக்கும். யுரேனியம் வெளிவிடும் ஆல்ஃபா கதிர் தோலைத் தாண்டாது என்பது உண்மை. அந்தத் தைரியத்தில் விரலால் தேய்த்துப் பார்ப்பது முட்டாள்தனம். கரையும் யுரேனியம் உடலுக்குள் போனால் முதலில் அடிபடுவது சிறுநீரகம்.

இரிடியம் கலசம், ரைஸ் புல்லிங் என்று ஏமாந்தவர்களின் கதை நம் மாவட்டங்களில் பஞ்சமில்லை. ஊதா வெளிச்சத்தில் பச்சையாக மின்னுவதைக் காட்டி, கோடி ரூபாய் தேறும் என்று ஒருவன் முன்பணம் கேட்டால், அது போலியாக இருந்தால் பணம் போகும். அசலாக இருந்தால் பணத்தோடு நீங்களும் உள்ளே போவீர்கள்.

கடைசியாக ஒன்று, போர் தண்ணீரை டம்ளரில் பிடித்து டார்ச் அடித்து யுரேனியம் இருக்கிறதா என்று பார்ப்பது. உலக சுகாதார நிறுவனம் குடிநீருக்குச் சொல்லும் அளவு லிட்டருக்கு 30 மைக்ரோகிராம். அந்த அளவை எந்த டார்ச்சும் காட்டாது. ஆய்வகத்தில் பாஸ்பேட் வேதிப்பொருள் சேர்த்து யுரேனைலின் ஒளிர்வைக் கூட்டி, லேசர் ஃப்ளோரிமீட்டரில் அளக்கிறார்கள். சந்தேகம் இருந்தால் சுத்தமான பாட்டிலில் தண்ணீர் பிடித்து, யுரேனியம் பார்க்கும் வசதி இருக்கிறதா என்று கேட்டுவிட்டு, ஆய்வகத்தில் கொடுங்கள். சாதாரணக் குடிநீர்ப் பரிசோதனைப் பட்டியலில் அது பெரும்பாலும் இருக்காது.