சந்தையில் வெடைக்கோழி வாங்கும் முன் இடுப்பு இறகைப் பாருங்கள்

சேலம் பக்கத்து வாரச்சந்தைகளிலும் ஏற்காட்டு மலைக் கிராமங்களிலும் முட்டைக்கென்று நாட்டுக்கோழிக் குஞ்சு வாங்குபவர்கள், அது சேவலா வெடையா (இளம் பெட்டையா) என்று அறிய முதலில் கொண்டையைத்தான் பார்க்கிறார்கள். சிறிய உடல்வாகு கொண்ட சிறுவிடை வகை நாட்டுக்கோழியில் இது ஓரளவு பலிக்கும். 6 முதல் 8 வாரத்தில் சேவல் குஞ்சின் கொண்டை அகன்று சிவக்கத் தொடங்கும். பெட்டைக்கு இன்னும் வெளிர் மஞ்சளாகவோ லேசான ரோஜா நிறமாகவோ இருக்கும். பெரிய உடல்வாகு கொண்ட பெருவிடை வகையில் ஏமாந்துபோவீர்கள். அதற்குக் கொண்டையே சிறுத்து, தலையோடு ஒட்டியிருக்கும்.

நம்பகமான அடையாளம் இறகு. 12 வாரத்துக்குப் பிறகு குஞ்சைக் கையில் பிடித்து, முதுகு முடிந்து வால் தொடங்கும் இடத்தில் இறகை விரலால் விலக்கிப் பாருங்கள். நுனி கூர்மையாக, நீண்டு, பளபளவென்று இருந்தால் சேவல். நுனி வட்டமாக இருந்தால் பெட்டை. கழுத்து இறகும் இப்படித்தான், ஆனால் இடுப்பில் வித்தியாசம் தெளிவாகத் தெரியும். புதிதாக முளைக்கும் ஓரிரு இறகைத் தேடுங்கள்; பழைய குஞ்சு இறகு இரண்டுக்கும் வட்டமாகவே இருக்கும், அதைப் பார்த்துத்தான் பலர் சேவலைப் பெட்டை என்று வாங்கிவிடுகிறார்கள்.

கால் தடிமனையும் பார்க்கலாம், ஒரே ஈட்டுக் குஞ்சுகளை அருகருகே வைத்தால் மட்டும். காலின் பின்பக்கம் வளரும் முள்ளை நம்ப வேண்டாம். அந்த வயதில் இரண்டுக்கும் வெறும் மொட்டுதான். முட்டையின் வடிவம், தலைகீழாகத் தூக்கிப் பார்ப்பது எல்லாம் வீண் வேலை.