வீட்டு வைஃபை: தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஃபைபர் இணைப்பு கொடுக்கப் புதிதாக வரும் பையன்களைப் பார்க்கிறேன். எங்கள் காலத்தில் நாங்கள் செய்த தவறுகளையே திரும்பச் செய்கிறார்கள். பாஸ்வேர்டே இல்லாமல் விடுவதெல்லாம் இப்போது யாரும் செய்வதில்லை, அதை விட்டுவிடுவோம்.

மொபைல் நம்பரே பாஸ்வேர்ட்

"மறக்காம இருக்க உங்க நம்பரையே போட்டுடட்டுமாக்கா?" இந்தக் கேள்வியைக் கேட்டாலே எனக்குப் பற்றிக்கொண்டு வரும். போன மாதம் வீட்டிலேயே தையல் கடை வைத்திருக்கும் ஒரு அக்காவிடம் ஒரு பையன் இப்படித்தான் கேட்டான். அவரும் சரி என்றுவிட்டார். அவருடைய நம்பர் வாசல் போர்டிலேயே பெரிதாக எழுதியிருக்கிறது. வைஃபை பெயரும் கடைப் பெயர்தான்.

போர்டு இல்லாவிட்டாலும் ஆபத்துதான். போனும் ரூட்டரும் இணையும்போது ஒன்றையொன்று சரிபார்க்கும் தகவல் காற்றில்தான் போகிறது. உங்கள் வைஃபையில் இருப்பது டபிள்யூ.பி.ஏ.2 என்ற பாதுகாப்பு முறை என்றால், தெருவில் நிற்பவர் அதைப் பிடித்துக்கொண்டு போய், தன் வீட்டுக் கம்ப்யூட்டரில் ஒவ்வொரு நம்பராகப் பொருத்திப் பார்க்கலாம். எத்தனை முறை தவறினாலும் உங்கள் ரூட்டருக்குத் தெரியவே தெரியாது. நம் நாட்டு மொபைல் நம்பர்கள் 6, 7, 8, 9-ல்தான் தொடங்கும். ஆக மொத்தம் 400 கோடி. கேம் ஆடுகிறவர்கள் வாங்கும் உயர்ரக கிராபிக்ஸ் கார்டு நொடிக்குப் பத்து லட்சத்துக்கு மேல் சோதிக்கும். ஒன்றேகால் மணி நேரத்துக்குள் எல்லாம் முடிந்துவிடும். 2021-ல் டெல் அவிவ் நகரில் ஒரு ஆய்வாளர் 5,000 வைஃபைகளின் தகவலைச் சேகரித்து, 3,500-க்கு மேற்பட்டவற்றின் பாஸ்வேர்டைக் கண்டுபிடித்தார். அங்கேயும் பலர் வைத்திருந்தது மொபைல் நம்பர்தான்.

அந்த அக்காவிடம் சம்பந்தமில்லாத ஐந்து சொற்களைச் சொல்லச் சொல்லி, சேர்த்து ஆங்கில எழுத்தில் போட்டோம்: பூசணி, தறி, உப்பளம், ஏணி, கொக்கி என்பது மாதிரி. 63 எழுத்து வரை இடமிருக்கிறது. காலண்டர் தாளில் எழுதி பீரோவில் வைத்துக்கொண்டார். அதில் தப்பே இல்லை.

டபிள்யூ.பி.எஸ். பின்

பாஸ்வேர்டுக்குப் பதிலாக இந்த எண்ணைப் போட்டும் வைஃபையில் இணையலாம். அந்த வசதியை அணைத்துவிடுங்கள். எட்டு இலக்கமாக இருந்தாலும் ரூட்டர் அதை இரண்டு பாதியாகச் சரிபார்ப்பதால், அதிகபட்சம் 11,000 முயற்சியில் அகப்பட்டுவிடும். 2011-லேயே வெளிவந்த விஷயம் இது.

ரூட்டர் செட்டிங்ஸ்

வைஃபை பாஸ்வேர்ட் வேறு, செட்டிங்ஸ் பக்கத்தின் பாஸ்வேர்ட் வேறு. 'அட்மின், அட்மின்' என்று போட்டுத் திறந்தால் உடனே மாற்றுங்கள். 2016-ல் மிராய் என்ற தீநிரல் லட்சக்கணக்கான கேமராக்களையும் ரூட்டர்களையும் பிடித்தது, கம்பெனி போட்டுக்கொடுத்த பாஸ்வேர்டுகளை வைத்துத்தான்.

வைஃபை பெயரை மறைப்பது

பிரயோஜனமில்லை.

விருந்தாளிகளுக்கு

கெஸ்ட் நெட்வொர்க் கொடுங்கள், அதாவது அதே ரூட்டரில் உங்கள் போன், கம்ப்யூட்டரிலிருந்து பிரித்து வைக்கும் தனி வைஃபை. அப்புறம், சிசிடிவி கேமராவையும் டிவியையும் அதிலேயே போட்டுவிடுங்கள்.