தக்கை முங்கியும் மீன் மாட்டாததற்குக் காரணம் தூண்டில் ராட்

ஏரியில் தக்கை கட்டி ஃப்ளை (பூச்சி போலக் கட்டிய செயற்கை இரை) போட்டால், மீன் கடித்ததும் தக்கை முங்கும். சுண்டினால் வெறும் லைன்தான் வரும். கிட்டத்தில் போட்டால் சரி, 40 அடி தாண்டினால் இதே கூத்து. முள்ளைத் தீட்டினேன், ஃப்ளையைச் சின்னதாக்கினேன், தக்கையையும் மாற்றினேன். பலனில்லை.

உற்றுப் பார்த்தால், மிதக்கும் லைனைக் காற்று வில்லாக வளைத்திருந்தது. 9 அடி, 5 வெயிட் (ராடுக்கு ஏற்ற லைனின் கன எண்) ராடின் சுண்டல் முழுக்க அந்தத் தொய்வை எடுப்பதிலேயே தீர்ந்துபோனது. 10 அடி, 6 வெயிட் ராடுக்கு மாறியதும் ஒழிந்தது தொல்லை. அதே கைவீச்சில் நுனி கூடுதல் தூரம் நகர்ந்து, தண்ணீரிலிருந்து அதிக லைனைத் தூக்கிவிடுகிறது. அடிப்பகுதி விறைப்பாகவும் நுனி சற்று இளக்கமாகவும் இருக்கட்டும். முழுக்க விறைத்த ராடில் மெல்லிய டிப்பெட் (ஃப்ளையைக் கட்டும் கடைசி இழை) அறுந்துபோகும்.

ராட் நீண்டாலும் ஒரு சிக்கல் மிச்சம். லீடர் (லைன் நுனியிலிருந்து ஃப்ளை வரையிலான மெல்லிய நரம்பு) 15 அடி என்றால், நகராத தக்கை நுனி வளையத்தில் முட்டி நிற்கும். மீன் வலைக்கு எட்டாது. சுண்டியதும் ஆப்பு (தக்கையை லீடரில் பிடித்து நிறுத்தும் சின்னக் குச்சி) விடுபட்டு லீடரில் வழுக்கி இறங்கும் தக்கைதான் இதற்குச் சரி. ஆப்பை அழுத்திச் செருகினால் விடுபடாது. லீடரின் சின்ன மடிப்பைப் பிடித்துக்கொள்ளும் அளவு போதும். கரையிலேயே ஒருமுறை இழுத்துப் பார்த்துவிடுங்கள்.