உயுனி உப்பு வெட்டையைக் கடக்கிறது எப்பிடி: பரந்தன்ல இருந்து போய் வந்தவன் சொல்றது

எங்கட ஊர்ப் பெடியள் நாலஞ்சு பேர் கொஞ்ச நாளா ஒரே கேள்விதான், அண்ணை நீங்கள் பொலிவியா உப்பு வெட்டைக்குப் போய் வந்தனீங்களாம், எப்பிடிப் போறது, எவ்வளவு குளிர், ஆனையிறவு மாதிரித்தானே இருக்கும் எண்டு. ஒவ்வொருத்தருக்கும் தனித்தனியாச் சொல்லி முடியேல்ல, அதால தெரிஞ்சதெல்லாத்தையும் ஒருக்கா எழுதுறன், நீளமா இருந்தாலும் போகப் போறவை முழுக்க வாசியுங்கோ.

முதல்ல அந்த ஆனையிறவுக் கதையை முடிச்சிடுவம். அம்மா 1990ல சண்டையோட உப்பளம் மூடப்படும் மட்டும் அங்க வேலை செய்தவ, நான் உப்புக் குவியலுக்கு மேல ஏறி விளையாடி வளந்தவன், அதால எனக்கு உப்புத் தரை எண்டால் என்னெண்டு தெரியும் எண்டு நினைச்சுக்கொண்டுதான் போனனான். தெரிஞ்சது பாதிதான். எங்கட உப்பு கடல் தண்ணியைப் பாத்தியில மறிச்சு வெயிலில காயவிட்டு எடுக்கிறது, அங்க கடலே இல்ல. அந்தீஸ் மலைக்கு நடுவில தண்ணி வெளிய ஓட வழியில்லாத ஒரு பெரிய தட்டு, ஆயிரக்கணக்கான வருசத்துக்கு முந்தி அதில பெரிய ஏரி கிடந்து வத்தி, உப்பு மட்டும் மிஞ்சிப்போச்சு. சலார் டி உயுனி எண்டு பேர். பரப்பு 10,000 சதுர கிலோமீற்றருக்கு மேல, எங்கட வடமாகாணம் முழுக்கச் சேத்தே 8,884 தான், அப்ப யோசிச்சுப் பாருங்கோ, யாழ்ப்பாணம் கிளிநொச்சி முல்லைத்தீவு வவுனியா மன்னார் எல்லாத்தையும் தூக்கி வைச்சாலும் சுத்தி உப்பு மிஞ்சும். அதுக்க ஒரு பனை இல்ல, ஒரு வேலி இல்ல.

மற்றது உயரம். 3,650 மீற்றர் சொச்சம். இலங்கையில ஆகப் பெரிய மலை பீதுறுதலாகலை 2,524 மீற்றர், அதுக்கு மேல இன்னும் ஒரு கிலோமீற்றர் ஏத்தி அதில தரவை மாதிரித் தட்டையா ஒரு நிலம் எண்டு வையுங்கோ. எங்கட சனம் உப்பைப் பாத்துப் பயப்பிடாது, குளிரைப் பற்றிக் கேக்கும், ஆனா ஆளை விழுத்துறது இந்த உயரம்தான். கடல் மட்டத்தில கிடைக்கிற ஒட்சிசனில கிட்டத்தட்ட மூண்டில ரெண்டு பங்குதான் அங்க ஒரு மூச்சில வரும். நாங்கள் பிறந்து வளந்தது கடலோட ஒட்டின நிலம், எங்கட உடம்புக்கு இது தெரியாது, ரெண்டு படி ஏறினாலே நெஞ்சு அடிக்கும்.

என்னோட வந்த மச்சான் கனடாவில இருக்கிறவர், லீவு குறைவு எண்டு நேர லா பாஸுக்கு ரிக்கெற் போட்டவர், அந்த விமான நிலையமே 4,000 மீற்றருக்கு மேல, இறங்கின அண்டு இரவே தலையிடி, சத்தி, ரெண்டு நாள் ஹொட்டல் கட்டிலை விட்டு எழும்பேல்ல. மிச்சம் பிடிக்கப் பாத்த ரெண்டு நாளும் அப்பிடியே போச்சு. நான் சான்ரா குரூஸ்ல இறங்கினனான், அது 400 மீற்றர் அளவுதான், எங்கட வெக்கை மாதிரியே இருக்கும், அங்க இருந்து சுக்ரே எண்ட ஊர், 2,800 மீற்றர், அதில மூண்டு இரவு சும்மா கிடந்து சாப்பிட்டு மெள்ள நடந்து திரிஞ்சு, பேந்துதான் பஸ்ஸில பொத்தோசி வழியா உயுனிக்கு ஏறினனான். எனக்கும் முதல் நாள் தலை பாரமா இருந்தது, நித்திரை முறிஞ்சு முறிஞ்சு வந்தது, ஆனா நடமாடக்கூடியதா இருந்தது. காசும் நாளும் கூடப் போனாலும் பரவாயில்ல, படிப்படியா ஏறுங்கோ. ஏறின முதல் ரெண்டு நாள் குடிவகை வேண்டாம், வயிறு முட்டச் சாப்பிட வேண்டாம், தண்ணி கனக்கக் குடியுங்கோ, படியில ஓடாதேங்கோ. அங்கத்தைச் சனம் கோகா இலையைச் சப்பும், தேத்தண்ணியாவும் குடிக்கும், நானும் குடிச்சனான், ஆனா அந்த இலையை ஊருக்குக் கொண்டு வரப் பாக்காதேங்கோ, எயார்போட்டில பெரிய சிக்கல். இந்த உயர வருத்தத்துக்கு அசெற்றசோலமைட் எண்டு ஒரு குளிசை இருக்கு, ஏற முந்தி தொடங்கிறது, அது எல்லாருக்கும் ஒத்துவராது, சல்ஃபா மருந்து ஒவ்வாத ஆக்கள் கட்டாயம் டொக்டரிட்டக் கேட்டுத்தான் எடுக்கவேணும். பிறசர், இருதய வருத்தம் இருக்கிற ஆக்களும் அப்பிடித்தான், கேட்டுப்போட்டு வெளிக்கிடுங்கோ.

இதை மட்டும் வடிவா ஞாபகம் வைச்சிருங்கோ. தலையிடி, களைப்பு எல்லாருக்கும் வரும், போகும். ஆனா ஒராள் நேரா நடக்கேலாமல் தள்ளாடினால், கதை குழம்பினால், சும்மா இருக்கேக்கயும் மூச்சு வாங்கி நுரையோட இருமினால், விடியட்டும் பாப்பம் எண்டு இருக்கக்கூடாது, இரவெண்டாலும் உடன கீழ இறக்கவேணும். உயிர் போற விசயம்.

போக முந்தி ஊரில செய்ய வேண்டியது மஞ்சள் காய்ச்சல் ஊசி. பொலிவியா அந்த நோய் இருக்கிற நாடுகளில ஒண்டு, அங்க இருந்து வாற ஆக்களிட்ட இலங்கைக்குள்ள வரேக்க ஊசி போட்ட அட்டை கேப்பினம். கொழும்பில பொரளை எம்.ஆர்.ஐ. எண்ட மருத்துவ ஆராய்ச்சி நிலையத்தில போடலாம், பயணத்துக்குக் குறைஞ்சது 10 நாள் முந்திப் போடவேணும். விசா விதி மாறிக்கொண்டே இருக்கும், இடையில விமானம் மாறுற நாட்டுக்கும் விசா வேணுமோ எண்டு சேத்துக் கேளுங்கோ, கனபேர் அதை மறந்துதான் ரிக்கெற்றை வீணாக்கிறது.

எப்ப போறது? அங்க மழை டிசம்பர் கடைசி தொட்டு மார்ச் மட்டும். அப்பதான் உப்புக்கு மேல கொஞ்சத் தண்ணி நிண்டு வானம் முழுக்க நிலத்தில தெரியும், படத்தில பாத்து ஆசைப்படுறது அதைத்தான். ஆனா அந்த நேரம் கனதூரம் உள்ளுக்குப் போகேலாது, உப்புக்கு நடுவில தீவு மாதிரி நிக்கிற கல் மேடு இங்காவாசி, அந்தத் தீவுக்கு வாகனம் விடாயினம், சில நாள் வெட்டைக்குள்ளயே இறங்கேலாது. மே தொட்டு ஒக்ரோபர் மட்டும் காய்ஞ்ச காலம், தரை சீமெந்து போட்ட மாதிரி இறுகிக் கிடக்கும், அஞ்சு மூலை ஆறு மூலையா வெடிச்சு ஒவ்வொரு வெடிப்பிலும் உப்பு வரம்பு கட்டியிருக்கும், வயல் வரம்பைக் கையளவில செய்து வைச்ச மாதிரி. முழுக்கக் கடக்க வேணும் எண்டால் காய்ஞ்ச காலம்தான். நான் போனது ஜூன் கடைசி, அதுதான் ஆகக் குளிரான நேரம், அதைக் கீழ சொல்றன்.

வாகனம். உயுனி சின்ன ஊர், ரூர் விக்கிற கடைகள் வரிசையா இருக்கு. ஒரு நாள் பயணம், மூண்டு நாள் பயணம் ரெண்டும் கிடைக்கும், மூண்டு நாள் எண்டால் வெட்டையைக் கடந்து தெற்க நிற ஏரிகள், வெந்நீர் ஊத்து எல்லாம் பாத்து, விரும்பினால் சிலி நாட்டுப் பக்கம் சான் பெத்ரோவில இறங்கலாம். அந்தப் பாதை 4,800 மீற்றர் தாண்டி ஏறும், ஒரு இரவு படுக்கிறதும் 4,000க்கு மேல, அதால உயுனியில உடம்பு சரியில்லாத ஆள் மூண்டு நாள் பயணம் போகக்கூடாது. ஒரு லாண்ட் குரூசரில ஆறு பேரும் ட்ரைவரும். விலை பேசுங்கோ, ஆனா ஆகக் குறைஞ்ச விலைக்கு ஓடாதேங்கோ. காசு கட்ட முந்தி வாகனத்தைப் போய்ப் பாருங்கோ, ஸ்பெயார் ரயர் ரெண்டு இருக்கோ, சீற் பெல்ற் எல்லாருக்கும் வேலை செய்யுதோ, தண்ணி கான் இருக்கோ, ஒட்சிசன் சிலிண்டர் இருக்கோ எண்டு. ட்ரைவர் குடிச்சிருக்கிறார் எண்டு மணத்தாலோ நடையாலோ விளங்கினால் ஏறாதேங்கோ, காசு போனால் போகட்டும். வெட்டை தானே, ஆரோட மோதப் போறம் எண்டு நினைப்பியள், 2008ல அந்த வெட்ட வெளியிலதான் ரெண்டு ஜீப் மோதிப் பத்துப் பேருக்கு மேல செத்தவை.

நீங்களே வாகனம் வாடகைக்கு எடுத்து ஓடப் பாக்காதேங்கோ, முக்கியமா முதல்முறை போறவை. காரணம் கரை. நடுவெட்டையில உப்பு மீற்றர்க் கணக்கில தடிப்பு, லொறி போனாலும் தாங்கும், ஆனா கரையில அது மெல்லிசு, அடியில சேறு. ஆனையிறவுக் களப்புக் கரையில மேல வெள்ளையாக் காஞ்சு கிடக்கும், காலை வைச்சால் முழங்கால் மட்டும் போகுமே, அதேதான், அங்க வாகனம் அச்சு மட்டும் போகும். மாரி வயலுக்க லாண்ட்மாஸ்டர் புதைஞ்சால் இழுக்கப் பக்கத்துக் காணிக்காரர் வருவினம், அங்க பக்கத்துக் காணி எண்டு ஒண்டு இல்ல. அதுக்காகத்தான் ஒரு சில இடத்தில மண் போட்டு அணைக்கட்டு மாதிரி ஏத்துப்பாதை கட்டியிருக்கினம், ட்ரைவர்மார் அதால மட்டும்தான் ஏறி இறங்குவினம். நடுவிலயும் சில இடத்தில துவாரம் இருக்கு, அடித்தண்ணி மேல வந்து குமிழி விடும், அதுகளை உப்புக் கண் எண்டு சொல்லுவினம், பாக்க வடிவு, விளிம்பில போய் நிக்காதேங்கோ.

தூரம் கண்ணுக்கு விளங்காது. இந்த முழு வெட்டையிலயும் மேடு பள்ளம் ஒரு மீற்றருக்குள்ளதான், ஒவ்வொரு மாரியும் தண்ணி நிண்டு உப்பைக் கரைச்சு வயலில பலகை அடிச்ச மாதிரி மட்டப்படுத்திப்போடும், செய்மதிகளின்ர உயரம் அளக்கிற கருவியைச் சரிபாக்கவே இந்த இடத்தைப் பாவிக்கினம். அப்பிடி மட்டமான இடத்தில கண்ணுக்குப் பிடிக்க ஒண்டும் இல்ல. அந்தா தீவு தெரியுது, நடந்து போவம் எண்டு தோணும், ஏ9ல மத்தியானம் தெரியிற கானல் மாதிரி அடி மிதந்துகொண்டு தெரியும், ஆனா அது இருபது முப்பது கிலோமீற்றர் துலைவில இருக்கும். வெட்டைக் கரையில இருக்கிற கொல்சானி எண்ட ஊரில ஏறி இங்காவாசி போறதே பரந்தன்ல இருந்து வவுனியா போற தூரம் கிட்டத்தட்ட வரும். ட்ரைவர்மார் வடக்க நிக்கிற துனுப்பா மலையைப் பாத்துத்தான் ஓடுவினம், 5,300 மீற்றர் சொச்சம், பழைய எரிமலை. நீங்களும் இறங்கின உடன அது எந்தப் பக்கம் எண்டு ஒருக்காப் பாத்து வையுங்கோ, போனில ஓஃப்லைன் மேப் முதலே இறக்கி வையுங்கோ, நடுவில சிக்னல் நம்பேலாது. வாகனம் பழுதாகி நிண்டால் வாகனத்தை விட்டு ஒருத்தரும் நடந்து போகக்கூடாது, நாலு சில்லுள்ள பெரிய சாமான் தூரத்தில தெரியும், தனி மனிசன் தெரியான்.

வெயில் விசயத்தில நான் பிழை விட்டனான். கறுத்த தோல், பரந்தன் வெயில் குடிச்ச உடம்பு எண்டு கிறீம் பூசேல்ல. அந்த உயரத்தில வெயிலின்ர கடுமை கூட, பாதி வெயில் கீழ உப்பில பட்டுத் திரும்ப முகத்துக்கு வரும், தொப்பி போட்டும் மூக்கின்ர அடி, நாடியின்ர அடி, சொண்டு எல்லாம் உரிஞ்சு ஒரு கிழமை சம்பல் தொட்டுச் சாப்பிடேலாமப் போச்சு. அதால கிறீமை நாடிக்கு அடியிலயும் காதுக்குப் பின்னாலயும் பூசுங்கோ, சொண்டுக்கு வேற. கறுப்புக் கண்ணாடி நல்லதா, பக்கத்தால வெளிச்சம் வராததா வாங்குங்கோ, இல்லாட்டி இரவில கண்ணுக்க மண் போட்ட மாதிரி எரியும். அம்மா உப்பளத்துக்குப் போகேக்க முகத்தைத் துணியால சுத்திக்கொண்டு போவா, கண் மட்டும் தெரியும், அதுதான் சரியான முறை.

பகலில சேட்டோட நிக்கலாம், சூரியன் மலைக்குப் பின்னால போன அரை மணித்தியாலத்தில கை விறைக்கும். ஜூன் ஜூலை இரவு மைனஸ் 10க்குக் கீழ சாதாரணமாப் போகும். ஒரு தடிச்ச ஜக்கெற்றை விட மெல்லிசா நாலு உடுப்பு ஒண்டுக்கு மேல ஒண்டு போடுறது நல்லம், சூடு ஏற ஏறக் கழட்டலாம். கம்பளிக் காலுறை, கையுறை, காது மூடுற தொப்பி உயுனிச் சந்தையிலயே மலிவு, ஊரில இருந்து காவ வேண்டாம். போனையும் கமராப் பற்றறியையும் படுக்கேக்க உடம்போட வைச்சிருங்கோ, குளிருக்குச் சார்ஜ் இறங்கிப்போகும். குளிருது எண்டு வெளிய வராமல் படுத்திடாதேங்கோ மட்டும், சின்னனில கரண்ட் இல்லாத வன்னி இரவில பாத்த வானம் எனக்கு ஞாபகம் இருக்கு, அதை விடக் கனக்க வெள்ளி அங்க, தலைக்கு மேல மட்டும் இல்ல, நிலம் தொடுற இடம் மட்டும்.

சில்லறைக் காசு பொலிவியானோவில, அதுதான் அந்த நாட்டுக் காசு, கொண்டு போங்கோ, தீவுக்குக் காசு, கழுவுற இடத்துக்குக் காசு, கார்ட் ஒண்டும் எடுபடாது. மலசலகூடம் தீவிலயும் ஒரு பழைய உப்பு ஹொட்டல் பக்கமும்தான். முந்தி வெட்டைக்கு நடுவில உப்புக் கல்லால வேற ஒரு பெரிய ஹொட்டல் கட்டி, கழிவால உப்பு பழுதாகுது எண்டு 2002ல பிடுங்கிக் கரைக்குக் கொண்டு போனவை. குப்பையை, தோடம்பழத் தோலைக்கூட, பையில போட்டுத் திரும்பக் கொண்டு வாங்கோ, அங்க உக்காது. தீவில இருக்கிற பெரிய கள்ளிகளிலயும் தொங்கிப் படம் எடுக்காதேங்கோ, வருசத்துக்கு ஒரு சென்ரிமீற்றர் அளவுதான் வளரும், ஆளை விட உயரமாய் நிக்கிற ஒண்டுக்கு எத்தினை வயசு எண்டு கணக்குப் பாருங்கோ.

கொல்சானியில கட்டாயம் இறங்குங்கோ, ரூர்காரர் கடைக்கு விட்டுட்டு அவசரப்படுத்துவினம், நீங்கள் உப்பு வாரி வைச்சிருக்கிற பக்கம் போங்கோ. மம்பெட்டியால உப்பைக் கூம்பாக் குவிச்சு ஈரம் வடிய விட்டிருப்பினம், பேந்து ஊருக்குக் கொண்டு போய்க் காயவைச்சு, அயடின் கலந்து பையில கட்டுறது. வேலை செய்த ஒரு அம்மா முகத்தைத் துணியால மூடியிருந்தவ, எனக்கு ஸ்பானிஷ் தெரியாது, நான் போனில இருந்த ஆனையிறவுப் படத்தைக் காட்டினனான், அவ குவியலைக் காட்டிப்போட்டு என்ர கையைப் பிடிச்சு உள்ளங்கையைத் தடவிப் பாத்தவ. வழவழப்பா இருந்திருக்கும், நான் உப்பு வாரினவன் இல்லையே. அவவின்ர கை அம்மாவின்ர கை மாதிரியே வெடிச்சுக் கிடந்தது. அங்க ஏதும் வாங்கிறதெண்டால் அந்த ஆக்களிட்ட நேர வாங்குங்கோ, உப்புப் பை ஒண்டு சரியான மலிவு.

திரும்பி வந்த அண்டே கழுவுங்கோ, நாளைக்கு எண்டு விடாதேங்கோ. சப்பாத்தை நல்ல தண்ணியில ரெண்டு தரம் ஊறவிட்டு நிழலில காயவிடுங்கோ, வெயிலில வைச்சால் தோல் வெடிக்கும். மழைக்காலத்தில போறவை றப்பர் பூட்ஸ் போடுங்கோ, செருப்பு வேண்டாம், உப்பு விளிம்பு காலை வெட்டும், வெட்டின இடத்தில உப்புத் தண்ணி பட்டால் சொல்லத் தேவையில்ல. கமராவை ஈரத்துணியால துடைச்சுப் பேந்து காய்ஞ்ச துணியால துடையுங்கோ, கமராக் கால் வைச்சிருக்கிறவை மூட்டு மூட்டாக் கழட்டிக் கழுவுங்கோ, நான் கழுவாமல் விட்ட ஒரு மூட்டு இப்பவும் திறக்குதில்ல.