‘க்ரூயல்’ என்ற சொல்லின் வேரைத் தேடுவது எப்படி?

கொடிய என்று பொருள்தரும் ஆங்கில ‘க்ரூயல்’, நம் பேச்சில் புழங்கும் ‘குரூரம்’ இரண்டும் காதுக்கு ஒன்றுபோலக் கேட்கின்றன. உறவா, தற்செயலா? காதை மட்டும் நம்பி முடிவு கட்டாதீர்கள். ஒரு தாளில் மூன்று கட்டம் போட்டுக்கொள்ளுங்கள்: மொழி, அதில் சொல்லின் வடிவம், அங்கே அதன் பொருள். இன்றைய வடிவத்திலிருந்து படிப்படியாகப் பின்னோக்கிப் போங்கள். ஒரு படியைத் தாண்டிக் குதித்தாலும் தடம் மாறிவிடும்.

முதல் படி பழைய பிரெஞ்சு. 13ஆம் நூற்றாண்டில் அங்கிருந்துதான் இந்தச் சொல் ஆங்கிலத்துக்கு வந்தது. அதற்கு முந்தையது லத்தீன் ‘க்ரூடேலிஸ்’. நடுவில் இருக்கும் ‘ட்’ எங்கே போயிற்று என்று பலர் இங்கேயே நின்றுவிடுவார்கள். இரண்டு உயிர்களுக்கு இடையே வரும் அந்த லத்தீன் மெய் பிரெஞ்சில் உதிர்வது வழக்கம். வியர்ப்பதைக் குறிக்கும் ‘சூடாரே’ பிரெஞ்சில் ‘சூயே’ ஆனதும் இப்படித்தான்.

‘க்ரூடேலிஸ்’ பிறந்தது ‘க்ரூடுஸ்’ என்பதிலிருந்து. அதன் பொருள் பச்சையான, வேகாத, ரத்தம் காயாத. கச்சா எண்ணெயைக் குறிக்கும் ‘க்ரூட்’டும் இதன் பிள்ளைதான். காயத்திலிருந்து வழியும் ரத்தத்துக்கு லத்தீனில் ‘க்ருவோர்’ என்று பெயர். ஆக, இந்தச் சொல்லின் அடியில் கிடப்பது பச்சை இறைச்சியும் ரத்தமும்.

இனி ஒலிவிதியை வைத்துச் சரிபாருங்கள். 1822இல் ஜெர்மன் மொழியியலாளர் யாக்கோபு கிரிம் வகுத்த விதிப்படி, லத்தீன் சொல் முதலில் ககரம் இருந்தால் ஆங்கிலத்தின் சொந்தச் சொல்லில் ‘ஹ’ வரும்: கோர்னு–ஹார்ன் (கொம்பு), கென்டும்–ஹண்ட்ரட் (நூறு), கானிஸ்–ஹவுண்ட் (நாய்). அப்படியானால் ‘க்ரூ’வுக்கு ஈடாக ‘ஹ்ர’ இருக்க வேண்டும். பழைய ஆங்கிலத்தில் இருக்கிறது: ‘ஹ்ரேயாவ்’. முன்னால் இருந்த ‘ஹ’ பின்னாளில் உதிர்ந்து, இன்று ‘பச்சை’ என்று பொருள்தரும் ‘ரா’ ஆகிவிட்டது. கிரேக்கத்தில் ‘க்ரேயாஸ்’ என்றால் இறைச்சி. கணையத்தின் ஆங்கிலப் பெயரான ‘பான்க்ரியாஸ்’ஸின் பின்பாதி அதுவே. சமஸ்கிருதத்தில் ‘க்ரவிஸ்’ பச்சை இறைச்சி, ‘க்ரூர’ ரத்தம் தோய்ந்தது, கொடியது. அந்தக் ‘க்ரூர’தான் தமிழுக்கு வந்து ‘குரூரம்’ ஆனது. எனவே உறவு உண்மை. ஆனால் ஒன்று மற்றொன்றைக் கடன் வாங்கவில்லை; இரண்டும் ஒரே பாட்டியின், அதாவது இந்தோ-ஐரோப்பிய மூலமொழியின், பேத்திகள்.

வழுக்கும் இடங்கள் மூன்று. சிலுவையைக் குறிக்கும் ‘க்ரக்ஸ்’ வேறு வேர். சிலுவையில் அறைவது குரூரம் என்பதால் பொருள் ஒட்டுகிறதே தவிர, ஒலி ஒட்டாது. கம்பளி நூல் பூவேலைக்கும் ‘க்ரூயல்’ என்றே பெயர். எழுத்துக்கூட்டல் வேறு, சொல்லும் வேறு. நம் ‘குருதி’யையும், ரத்தம் என்ற பொருளை மட்டும் பார்த்து, இந்தக் குடும்பத்தில் சேர்த்துவிடாதீர்கள்.

‘கொடுமை’யின் கதை முற்றிலும் வேறு. அதன் வேர் ‘கொடு’, வளைந்தது. கொடுவாள் என்றால் வளைந்த வாள். செங்கோல் நிமிர்ந்தது, கொடுங்கோல் கோணியது. குறள் 279 இந்த இரட்டைப் பொருளிலேயே நிற்கிறது: ‘கணைகொடிது யாழ்கோடு செவ்விது’. நேராக இருக்கும் அம்பு கொடியது, வளைந்த தண்டுடைய யாழ் செவ்வியது! ஆங்கிலேயர் ரத்தத்தைப் பார்த்த இடத்தில் நாம் கோணலைப் பார்த்திருக்கிறோம். நேர்மையிலிருந்து வளைந்துபோவதே கொடுமை.

மொழிபெயர்க்கும்போது இந்த வேறுபாடு கைகொடுக்கும். பிறர் வலியை ரசிப்பவரின் செயலுக்குக் ‘குரூரம்’ பொருந்தும். அதிகாரத்தில் இருப்பவர், உறவினர், ஊர் இழைக்கும் அநீதிக்குக் ‘கொடுமை’. இந்தியாவின் குற்றவியல் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவின் 85, 86 பிரிவுகளில் கணவரும் அவர் உறவினரும் பெண்ணுக்கு இழைப்பதாகச் சொல்லப்படும் ‘க்ரூயல்டி’யைக் குரூரம் என்று எழுதினால் தவறு, மாதக்கணக்கில் நச்சரித்து வரதட்சணை கேட்பதில் ஒரு சொட்டு ரத்தம்கூட இராது, ஆனால் அது கொடுமை. விலங்குகள் என்றால் ‘வதை’. 1960ஆம் ஆண்டுச் சட்டத்தை ‘மிருகவதைத் தடுப்புச் சட்டம்’ என்றுதான் மக்கள் சொல்கிறார்கள். விதியையோ குளிரையோ ‘க்ரூயல்’ என்று எழுதியிருந்தால் இவை மூன்றையும் விட்டுவிட்டு, ‘பொல்லாத’ என்று போட்டுப் படித்துப் பாருங்கள்.