கதிர்காமப் பாதயாத்திரை: காட்டுக்கு முதல் தார் ரோட்டைக் கடக்க வேண்டும்

ஆனி பிறந்தால் மட்டக்களப்பு ஆரையம்பதியில் என்னைத் தேடி வருகிற பிள்ளைகள் ஒரே கேள்வியைத்தான் கேட்கிறார்கள். "ரீச்சர், காட்டுக்குள் யானை வருமா?"

வரும். ஆனால் நான் போன ஐந்து தடவையில் யானைக்குப் பயந்து திரும்பிய ஒருவரையும் கண்டதில்லை. திரும்பியவர்கள் எல்லாரும் காட்டு வாசலைக் காணாமலே, தார் ரோட்டில் கால் போய்த் திரும்பியவர்கள். 2013இல் நானும் அப்படித்தான், கோமாரியில் இரண்டு உள்ளங்காலும் கொப்புளித்து பஸ் ஏறி வந்தேன். வீட்டுப் படியில் இருந்து அழுதேன். அதற்குப் பிறகு நான்கு தடவை போய்ச் சேர்ந்திருக்கிறேன். இதை எழுதுவது முதல் தடவை போகிறவர்களுக்காக.

பாதையைச் சொல்கிறேன். யாழ்ப்பாணத்துச் செல்வச்சந்நிதியில் இருந்து வருகிறவர்கள் ஒன்றரை மாதத்துக்கு மேல் நடக்கிறார்கள். நாங்கள் மட்டக்களப்பு மாமாங்கேஸ்வரர் கோயிலில் கும்பிட்டுக் கல்லடிப் பாலம் தாண்டுகிறோம். அங்கிருந்து களுதாவளை, கல்முனை, காரைதீவு, அக்கரைப்பற்று, திருக்கோவில், கோமாரி, பொத்துவில். இது கிட்டத்தட்ட 110 கிலோமீற்றர், முழுவதும் தார். அதன் பிறகு பாணமை, உகந்தை. உகந்தையில் இருந்து குமண வழியாகக் காட்டுக்குள் ஐந்து ஆறு நாள். காட்டுப் பாதை திறக்கும் நாள் கதிர்காமக் கொடியேற்றத்தை ஒட்டி ஒவ்வோர் ஆண்டும் மாறும். அறிவித்த பிறகு நாளைப் பின்னோக்கி எண்ணி, ஊரில் இருந்து புறப்படும் நாளைக் குறியுங்கள். பொத்துவிலுக்குப் பத்து நாள் வையுங்கள். ஏழு நாளில் போகலாம் என்று சொல்கிறவர்களோடு சேர வேண்டாம்.

முதல் நாள் மாமாங்கத்தில் இருந்து ஆரையம்பதி வரைதான். "இவ்வளவுதானா?" என்று இளம் பிள்ளைகளுக்குக் கால் துடிக்கும். அந்தத் துடிப்பை நம்பாதீர்கள். இரண்டாம் நாள் காலையில்தான் கால் உண்மையைச் சொல்லும்.

விடிய மூன்றரைக்கு எழும்பி நாலு மணிக்கு நடக்கத் தொடங்குங்கள். ஒன்பது மணிக்கு எங்கே நிற்கிறீர்களோ அங்கே கோயிலோ மடமோ மரமோ பார்த்து இருந்துவிடுங்கள். அந்த மாதத்தில் கச்சான் காற்று அனலாக அடிக்கும். பத்து மணிக்குப் பிறகு தார் இளகிக் காலில் ஒட்டும். பின்னேரம் நாலரைக்கு மேல் இன்னும் ஒரு மணி, ஒன்றரை மணி நேரம் நடந்தால் போதும்.

வெறுங்காலோடு நடப்பது பலருக்கு நேர்த்திக்கடன். அப்படியானால் இரண்டு மாதத்துக்கு முன்பே கல்லடிக் கடற்கரை மணலிலும், பிறகு தாரிலும் காலைப் பழக்குங்கள். பழகாத காலோடு நேர்த்தியைத் தொடங்காதீர்கள். நான் உகந்தை வரை செருப்போடு போய், காட்டு மண்ணில்தான் கழற்றுகிறேன். முருகன் இதைக் குறையாக எடுத்ததாக எனக்குத் தோன்றவில்லை. புதுச் செருப்பு மட்டும் வேண்டாம்.

கொப்புளம் வந்த பிறகு மருந்து தேடுவது பிந்திப்போன வேலை. காலில் ஓரிடம் 'சுள்' என்று சுடத் தொடங்கும்போதே இருந்து, துடைத்து, துணிப் பிளாஸ்டர் ஒட்ட வேண்டும். கூட்டம் போகிறதே என்று அரை மணி நேரம் பொறுத்தால் அது மூன்று நாள் வேதனை. கோமாரியில் நான் செய்த பிழை அதுதான். தொடை உராய்கிற இடத்துக்குத் தேங்காய் எண்ணெய். இரவில் காலைச் சுவரில் உயர்த்திவைத்துக் கால் மணி நேரம் படுங்கள்.

பையை வீட்டுக்குப் பக்கத்துக் கடைத் தராசில் நிறுத்துப் பாருங்கள். தண்ணீர் தவிர்த்து ஐந்து கிலோவுக்கு மேல் வேண்டாம். பன்பாய் கொண்டு போகாதீர்கள், பாரம். பழைய பருத்திச் சேலை இரண்டு எடுங்கள். விரிப்பும் போர்வையும் நிழல் பந்தலும் தண்ணீர் வடிக்கும் துணியும் அதுவே. இடித்த அவல், சர்க்கரை, எள்ளுருண்டை, பொரித்த அரிசிமா. ஜீவனிப் பக்கற் (உடலில் நீர் வற்றாமல் கரைத்துக் குடிக்கும் உப்புத் தூள்) பத்தாவது வேண்டும். ஒன்றை ஒரு லீற்றர் தண்ணீரில் கரைத்து, வியர்த்து நடக்கும்போது கொஞ்சம் கொஞ்சமாகக் குடியுங்கள். சிறுநீர் தேயிலைச் சாயம் போலப் போனால் அன்று நடக்க வேண்டாம். தலையும் சுற்றினால் வைத்தியசாலைக்குப் போங்கள், விரதத்தைப் பிறகு பார்க்கலாம்.

சாப்பாட்டுக்குப் பயம் தேவையில்லை. ஊருக்கு ஊர் அன்னதானம் இருக்கிறது. நிந்தவூரில் ஒரு முஸ்லிம் அம்மா வாளி நிறையத் தேசிக்காய்த் தண்ணீரோடு படலையில் நின்று, "குடிச்சிட்டுப் போங்க மகள், வெயில்" என்றார். அந்தக் குவளையை நான் மறந்ததில்லை. யார் தந்தாலும் நின்று வாங்கி, முகம் பார்த்து நன்றி சொல்லிவிட்டுப் போங்கள்.

மனமும் விழும். எனக்கு அது எப்போதும் திருக்கோவிலுக்குப் பிறகு, தாண்டியடி, சங்கமன்கண்டிப் பக்கம். வீடுகள் குறைந்து ரோட்டு நீண்டு கிடக்கும், பக்கத்தில் நடக்கிறவரின் மூச்சுச் சத்தமே எரிச்சலாக இருக்கும். எங்கள் குழுவில் மூத்தவர், எல்லாரும் பெரியம்மா என்று கூப்பிடுகிறவர், ஒரு சட்டம் வைத்திருக்கிறார். "மனே, வெயிலுக்க நிண்டு முடிவெடுக்காத. திண்டு, படுத்து, எழும்பி மறுகா சொல்லு." விடியப்புறம் கேட்டால் பத்தில் எட்டுப் பேர் நடக்கிறோம் என்பார்கள்.

வரலாறு படிப்பித்த காலத்தில் பாஹியான் என்ற சீனப் பிக்குவைப் பற்றி எத்தனையோ தடவை சொல்லியிருக்கிறேன். கி.பி. 399இல் சீனத்துச் சாங்கானில் இருந்து புறப்பட்டு, பாலைவனத்தில் செத்தவர்களின் எலும்பை வழி அடையாளமாகக் கொண்டு நடந்தவர். அத்தனையையும் தாண்டி இந்தியா போய், கப்பலில் நம் தீவுக்கும் வந்தார். அநுராதபுரத்தில் புத்தர் சிலைக்கு முன் யாரோ வைத்த சீனத்து வெள்ளைப் பட்டு விசிறியைக் கண்டதும் கண்ணீர் வந்துவிட்டது என்று அவரே எழுதிவைத்திருக்கிறார். அது எனக்கு விளங்கியது காட்டுப் பாதையில், வியாழை என்ற இடத்தில். கூட நடந்த யாரோ ஒரு சாமி, வீட்டு எலுமிச்சங்காய் ஊறுகாய்ப் போத்தலைத் திறந்தார். அம்மாவின் குசினி மணம். கண்ணைத் துடைக்கவில்லை. அழுகை வந்தால் அழுதுகொண்டே நடங்கள்.

உகந்தையில் ஒரு நாளாவது தங்குங்கள். மலை ஏறி வள்ளியம்மனைக் கும்பிட்டு, சுனையைப் பார்த்து, காலை ஆறவிடுங்கள். காட்டுக்குள் விடிந்த பிறகுதான் நடை, அதுவும் கூட்டமாக. கும்புக்கன் ஆற்றில் எல்லாரும் குளிக்கிற இடத்தில் மட்டும் குளியுங்கள், முதலை உண்டு. ஆற்றை விட்டால் அடுத்த தண்ணீர் எங்கே என்று பழைய சாமிமாரிடம் கேட்டு, ஆளுக்கு நாலு லீற்றராவது நிரப்புங்கள். வடித்து, கொதிக்கவைத்துக் குடியுங்கள். கொண்டு போன பிளாஸ்டிக் எல்லாம் உங்களோடு வெளியே வர வேண்டும். நாவலடி, வியாழை, வள்ளியம்மன் ஆறு என்று போகும்போது கால் தானாக நடக்கும். மண் மெத்தென்று இருக்கும், "அரோகரா" சத்தம் முன்னுக்கும் பின்னுக்கும் கேட்கும். தார் ரோட்டில் காலைக் காத்தவர்களுக்குக் கிடைக்கிற நாட்கள் அவை.

கதிர்காமத்து மாணிக்க கங்கையில் இறங்கியதும் உடனே பஸ் ஏற வேண்டாம். கால் வீங்கியிருக்கும், தொங்கவிட்டு மணிக்கணக்கில் இருந்தால் இன்னும் வீங்கும். இரண்டு இரவு தங்கிப் படுத்து எழும்பி வாருங்கள். திரும்பி வரும் பஸ் காசைப் புறப்படும் அன்றே ஒரு துணியில் முடிந்து பையின் அடியில் தைத்துவிடுங்கள். நான் சிவப்பு நூலால் தைக்கிறேன், தேடும்போது தெரியும்.